கரு தங்காமல் போனது உங்கள் அழுகையால் அல்ல

தங்கச்சி, நீங்கள் எழுதியதை ஆறுதலாக இருந்து வாசித்தேன். வயது 34, கலியாணம் முடித்து 6 வருடம், கொழும்பில் செய்த முதலாவது ஐ.வி.எஃப் (முட்டையையும் விந்தையும் ஆய்வுகூடத்தில் சேர்த்துக் கருவாக்கி, கருப்பையில் பதிக்கும் சிகிச்சை) சரிவரவில்லை, தை பிறந்ததும் இரண்டாம் தரம் போக இருக்கிறீர்கள். "போனமுறை நான் நெடுக அழுதுகொண்டிருந்ததாலதான் கரு தங்கேல்ல எண்டு மாமி சொல்லுறா. அவரும் ஒண்டும் கதைக்கிறாரில்லை. இந்தமுறை மனதைச் சந்தோசமா வச்சிருக்க என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வீட்டில் மிஞ்சிய ஒரே ஆண்பிள்ளை உங்கள் கணவர்தான், மற்ற இரண்டு பேரும் 2009இல் போரின் முடிவில் இறந்துபோய்விட்டார்கள் என்பதைக் கடைசி வரியில் சேர்த்திருக்கிறீர்கள். சந்தோசமாக இருக்க வழி கேட்பதுபோலத் தெரிந்தாலும், உங்கள் மனதில் இருக்கும் கேள்வி வேறு என்று நினைக்கிறேன். பிழை என்னுடையதா, இந்தப் பாரத்தை ஏன் நான் மட்டும் சுமக்கிறேன், இந்த இரண்டையும்தான் கேட்கிறீர்கள். ஆகவே அங்கேயே தொடங்குகிறேன்.

நான் வன்னியில், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும், உளவளத்துணையாளராக வேலை செய்பவள். போர் முடிந்து மீள்குடியேறிய காலத்தில் தொடங்கிய வேலை. அப்போது வந்தவர்கள் எல்லாரும் இழந்தவர்களைப் பற்றிக் கதைக்கத்தான் வந்தார்கள். வருடங்கள் போக, பிள்ளைப்பேற்றுக்காக அலைகிற இளம் தம்பதியரும் வரத் தொடங்கினார்கள். நான் மகப்பேற்று நிபுணர் அல்ல. எந்தக் குளிசை, எத்தனை ஊசி, எப்போது கரு பதிப்பது என்பதெல்லாம் உங்கள் வைத்தியரோடு கதைக்கவேண்டியவை. மனம், வீடு, உறவு என்பவற்றைப் பற்றித்தான் என்னால் பொறுப்போடு சொல்ல முடியும். கீழே நான் சொல்லும் ஆட்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில், உறுதியாகத் தெரிந்த ஒன்று. நீங்கள் அழுததால் கரு தங்காமல் போகவில்லை. இது உங்களைத் தேற்றுவதற்காகச் சொல்லும் கதை இல்லை. 2011இல் காடிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 14 ஆய்வுகளைச் சேர்த்து, 3,583 பெண்களின் தரவுகளைப் பார்த்து, பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினார்கள். சிகிச்சை தொடங்குமுன் கூடுதலாகக் கவலைப்பட்ட பெண்களுக்கும் அமைதியாக இருந்த பெண்களுக்கும் அந்தச் சுற்றில் கர்ப்பம் தரிக்கும் வாய்ப்பில் வித்தியாசம் தெரியவில்லை. பதித்த கரு தங்காமல் போவதற்குப் பெரும்பாலும் கருவின் நிறமூர்த்தங்களில் (குரோமோசோம்களில்) உள்ள குறைதான் காரணம். அது பெரும்பாலும் முட்டை முதிரும்போதோ கருவின் முதல் நாட்களிலோ, பதிப்பதற்கு முதலே, தீர்மானமாகிவிடுகிறது. பிரித்தானியா போன்ற நாடுகளின் கணக்குகளில், 35 வயதுக்குக் குறைந்த பெண்களுக்குக்கூட ஒரு கருவைப் பதித்தால் குழந்தை பிறப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு தரம்தான். 40ஐத் தாண்டினால் அது பத்தில் ஒன்று அளவுக்கு இறங்கிவிடுகிறது. முதல்தரம் சரிவராமல் போவதுதான் கூடுதலாக நடப்பது. இதைக் கிளினிக்கில் முதலே விளங்கப்படுத்தினால் எத்தனையோ பெண்கள் தங்களைத் தாங்களே குற்றஞ்சாட்டாமல் இருப்பார்கள்.

இதிலும் உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துச் சொல்லவேண்டும். அந்த ஆய்வு ஐ.வி.எஃப் போன்ற சிகிச்சை எடுக்கும் பெண்களைப் பற்றியது. அன்றாடக் கவலை வேறு, உடலையே வாட்டும் நெருக்கடி வேறு. பட்டினி, கடும் எடையிழப்பு, இடப்பெயர்வு போன்ற காலங்களில் மாதவிடாய் நின்றுபோவது நன்கு அறியப்பட்ட விடயம். வன்னியில் அதை அனுபவித்த அம்மாமார் நிறையப் பேர் இருக்கிறார்கள். மனம் சோர்ந்தால் சாப்பாடு குறையும், நித்திரை கெடும், ஆண்கள் குடியும் சிகரெட்டும் கூட்டுவார்கள், கணவன் மனைவி சேர்ந்திருப்பது குறையும். இந்த வழிகளால் மனநிலை பிள்ளைப்பேற்றைத் தொடலாம். ஆனால் கரு பதித்த பிறகு ஒரு பெண் தலையணையில் முகம் புதைத்து அழுதாள், அதனால் அது போய்விட்டது என்பதற்கு ஆதாரம் இல்லை. உங்கள் மாமிக்கும் இதைச் சொல்லலாம். அதை யார் சொல்வது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அழுகை பலவீனமும் இல்லை. அமெரிக்காவில் அலிஸ் டோமர் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைப்பேறு தள்ளிப்போன பெண்களின் மனச்சோர்வும் பதற்றமும் புற்றுநோய், இருதய நோய் உள்ளவர்களின் அளவோடு ஒத்திருந்தன. ஒரு புற்றுநோயாளியிடம் "அழாமச் சிரிச்சுக்கொண்டு இரு, எல்லாம் சரிவரும்" என்று யாராவது சொன்னால் எங்களுக்கே கோபம் வரும். உங்களுக்கு அதைத்தான் ஆளுக்காள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஊசிகளும் குளிசைகளும் தரும் மாற்றம் வேறு. முட்டை வளரத் தரும் குளோமிஃபின் குளிசை எடுக்கும்போது உடம்பு திடீரெனச் சூடாவதும் மனம் சட்டென்று மாறுவதும் தெரிந்த பக்கவிளைவுகள். கரு பதித்த பிறகு தரும் புரோஜெஸ்டரோன் என்ற ஓமோன், கர்ப்பத்தின் அறிகுறிகளையே காட்டும். மார்பு நோகும், வயிறு ஊதும், நித்திரை தூங்கும். பல பெண்கள் அதை வைத்துக்கொண்டு நம்பி, பிறகு இரண்டு மடங்கு உடைந்துபோகிறார்கள். முட்டை முதிர்வதற்குப் போடும் எச்.சி.ஜி. ஊசி பத்து நாளளவு உடலில் நிற்கலாம். அதற்கிடையில் பார்மசியில் வாங்கிய கர்ப்பப் பரிசோதனைப் பட்டியில் வீட்டில் சோதித்தால், இல்லாத கர்ப்பத்தையும் இருப்பதாகக் காட்டலாம். கிளினிக் சொன்ன நாளில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள், அதற்கு முதல் பட்டியைக் கையில் எடுக்காதீர்கள். இந்தச் சிறிய விடயம் சில வீடுகளில் பெரிய வேதனையைத் தவிர்த்திருக்கிறது.

கரு பதித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் அந்த இரண்டு கிழமைதான் ஆகக் கடினம் என்று கிட்டத்தட்ட எல்லாரும் சொல்கிறார்கள். ஸ்கான், ஊசி, பயணம் என்று ஓடித்திரியும்போது செய்வதற்கு ஏதாவது இருக்கும். கரு பதித்த பிறகு செய்வதற்கு ஒன்றும் இருக்காது, மனம் மட்டும் வேலை செய்யும். ஊரில் உடனே பாயில் படுக்க வைத்துவிடுவார்கள். கரு பதித்த பிறகு படுத்த படுக்கையாகக் கிடப்பதால் நன்மை இல்லை என்பதும் ஆய்வுகளில் தெளிவானது. வைத்தியர் உங்களுக்கென்று வேறு ஏதும் சொல்லாதவரை எழும்பி நடமாடலாம், சமைக்கலாம், வேலைக்குப் போகலாம். தண்ணி அள்ளுவது, மண்வெட்டி பிடிப்பது போன்ற பாரமான வேலைகளைக் குறைத்தால் காணும். படுக்கையில் கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணைவிட, தையல் மெசினுக்கு முன்னால் இருக்கும் பெண் அந்த நாட்களைக் கொஞ்சம் இலேசாகக் கடக்கிறாள். நான் கண்டது அப்படி.

இனி உங்கள் கணவர். கதைக்காதவர் கவலைப்படாதவர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு கமக்காரர் மனைவியின் வற்புறுத்தலில் என்னிடம் வந்து, முழு நேரமும் நெல்லுக்கு வந்த நோயைப் பற்றியும் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பங்கீட்டைப் பற்றியும் கதைத்தார். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். எழும்பிப்போய்க் கதவடியில் செருப்பைக் காலில் கொழுவிக்கொண்டே, என் முகத்தைப் பாராமல் சொன்னார்: "அவள் அழேக்குள்ள என்ன சொல்லுறதெண்டு எனக்குத் தெரியேல்ல மிஸ். அதுதான் மோட்டர் போட்டிட்டு வாறன் எண்டு வயலுக்குப் போயிடுவன்." அவர் போனது விலகிப்போவதற்காக இல்லை. அழுகையை நிறுத்த வழி தெரியாத ஆள், நிறுத்தத்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டு தோற்றுப்போய்ப் போனார். நிறுத்தத் தேவையில்லை, பக்கத்தில் இருந்தால் காணும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எங்கள் பெடியன்கள் வளர்ந்த காலத்தில் அழுவதற்கு நேரமும் இருக்கவில்லை, இடமும் இருக்கவில்லை.

ஆண்களின் அமைதிக்குள் இன்னொன்றும் இருக்கும். பிள்ளை தங்காத தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரில் ஆணின் பக்கக் காரணமும், தனியாகவோ பெண்ணின் காரணத்தோடு சேர்ந்தோ, இருக்கிறது. ஆனால் ஊர் கேள்வி கேட்பது பெண்ணிடம் மட்டும்தான். சில பெண்கள் கணவரின் அறிக்கையை அலுமாரியில் உடுப்புக்குக் கீழே மறைத்துவிட்டு, குறை தங்களுடையது என்று மாமியாரிடம் சொல்லிக்கொண்டு வாழ்கிறார்கள். அதை அன்பென்று நினைத்துத்தான் செய்கிறார்கள். கணவருக்கோ அந்த அன்பே கடனாகி, அவளின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாகிவிடுகிறது. விந்துப் பரிசோதனைக்கு ஒரு மூலையில் கழிப்பறையைக் காட்டிவிட்டு, வெளியில் ஆட்கள் நிற்க, போத்தலோடு வரச்சொல்லும்போது ஒரு மனிதர் எவ்வளவு கூனிக்குறுகுவார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஒரு பரிசோதனை குறைவாக வந்தால் அதோடு முடிவுகட்டத் தேவையில்லை. விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதமளவு எடுக்கும், இடையில் காய்ச்சல் வந்திருந்தாலும் எண்ணிக்கை இறங்கும். அதனால்தான் திரும்பவும் எடுக்கச் சொல்கிறார்கள். உங்கள் இருவரில் யாருக்கு என்ன காரணம் என்று நீங்கள் எழுதவில்லை, எழுதவும் தேவையில்லை. எதுவாக இருந்தாலும் "எங்களுக்குப் பிள்ளை தங்கவில்லை" என்றே இருவரும் சொல்லப் பழகுங்கள்.

நடைமுறையில் நான் தம்பதியருக்குச் சொல்வது இதுதான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 20 நிமிடம் சிகிச்சையைப் பற்றிக் கதையுங்கள். போன் இரண்டையும் தள்ளி வையுங்கள். அந்த நேரத்தில் ஒருவர் கதைக்கும்போது மற்றவர் யோசனை சொல்லக்கூடாது, கேட்கத்தான் வேண்டும். 20 நிமிடம் முடிந்தால் அன்றைக்கு அந்தக் கதை முடிந்தது. நாள் முழுக்கக் கதைக்க விரும்பும் மனைவிக்கு அது குறைவாகத் தெரியும், கதைக்கவே பயப்படும் கணவருக்குக் கூடுதலாகத் தெரியும். ஆனால் எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று தெரிந்தால் அவர் ஓடத் தேவையில்லை, நீங்கள் துரத்தத் தேவையில்லை. நேருக்கு நேர் இருந்து கதைக்கக் கூச்சமென்றால் மோட்டார் சைக்கிளில் போகும்போது கதையுங்கள். முகம் பார்க்காமல் கதைப்பது சில ஆண்களுக்கு இலகு. இன்னொன்று, நாள் குறித்து, ஸ்கான் பார்த்து, வைத்தியர் சொன்ன திகதியில் சேர்ந்திருந்த தம்பதியருக்கு அந்த உறவே ஒரு கடமையாகிப்போயிருக்கும். சிகிச்சை இல்லாத மாதங்களில் திகதியை மறந்து இருங்கள். சேரவேண்டும் என்றும் இல்லை, ஒன்றாகப் படுத்துக் கதைத்துக்கொண்டிருந்தாலும் காணும்.

உங்கள் மாமியைப் பற்றி எழுதுவதுதான் எனக்கு ஆகக் கடினம். வேறு ஊர்களில் எழுதப்பட்ட ஆலோசனைகளில் இந்தப் பகுதி இருக்காது. இரண்டு ஆண்பிள்ளைகளை முள்ளிவாய்க்காலோடு இழந்த ஒரு தாய் பேரப்பிள்ளையைக் கேட்கும்போது, பேரப்பிள்ளையை மட்டும் கேட்கவில்லை. போனவன் திரும்பி வந்து இந்த வீட்டில் பிறப்பான் என்று நம்பும் அம்மாமார் வன்னியில் நிறையப் பேர். பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பெயர்கூட முடிவாகியிருக்கும். பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னியின் கூட்டு மனவடுவைப் பற்றி எழுதும்போது, போர் தனி ஆட்களை மட்டும் அல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்தியது என்று காட்டினார். அந்தக் காயத்தின் பாரம் இப்போது உங்கள் வயிற்றில் வந்து நிற்கிறது. மாமியின் துக்கம் உண்மையானது, அதற்கு இரங்கலாம். ஆனால் அதை ஆற்றுவது உங்கள் கருப்பையின் வேலை இல்லை. ஒரு பிள்ளை பிறந்தாலும் போன இரண்டு பேரும் வரப்போவதில்லை. அந்தப் பிள்ளை செத்தவர்களின் இடத்தை நிரப்பப் பிறக்கக்கூடாது, தானாகப் பிறக்கவேண்டும். முடிந்தால் உங்கள் மாமியையும் ஒரு உளவளத்துணையாளரிடம் கூட்டிப் போங்கள். 2009க்குப் பிறகு அவவிடம் யாராவது ஆறுதலாக இருந்து அவவின் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருப்பார்களோ தெரியாது.

அதுவரை, மாமியோடு கதைக்கவேண்டியவர் உங்கள் கணவர். மருமகள் சொன்னால் அது வாய் காட்டுவதாகிவிடும், மகன் சொன்னால் செய்தியாகும். "அம்மா, இது ரெண்டு பேருக்கும் சேத்துச் செய்யிற வைத்தியம். அழுகிறதால கரு போகாது எண்டு டொக்டர்மாரே சொல்லுகினம். ஏதும் விசேசம் இருந்தா நானே வந்து உங்களுக்குச் சொல்லுவன். அவளிட்டக் கேக்காதேங்கோ." இவ்வளவும் போதும். கோபம் இல்லாமல், வேறு ஆட்கள் இல்லாத நேரத்தில், ஒரு தரம் சொன்னால் பல வீடுகளில் கதை குறைந்திருக்கிறது. கணவர் கதைக்கத் தெரியாதவர் என்றால் இந்த வசனத்தை அவரோடு இருந்து முதலே பழகிப் பாருங்கள். அந்த ஒரு வேலையைச் செய்தாரென்றால், அவருக்கும் தான் மனைவிக்காக ஏதோ செய்தேன் என்ற நிறைவு வரும். அதுவரை வயலுக்கு ஓடிய மனிதருக்கு அது பெரிய விடயம்.

கொண்டாட்டங்களுக்குப் போவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சாமத்தியவீட்டில் ஆலாத்தி எடுக்க ஆள் தேடும்போது உங்களைத் தாண்டிப்போகும் கண்கள், பிள்ளையின் 31ஆம் நாள் சடங்குக்குப் போனால் குழந்தையை உங்கள் மடியில் தர யோசிக்கும் கை, இவை சின்ன விடயங்கள் என்று சொல்பவர்கள் அந்த இடத்தில் நின்றவர்கள் இல்லை. சிகிச்சை நடக்கும் மாதங்களில் இப்படியான இடங்களுக்குப் போகாமல் இருக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. அன்பளிப்பைக் கணவரிடம் கொடுத்து அனுப்புங்கள், அல்லது முதல்நாளே போய்த் தாயிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். ஆனால் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு வீட்டுக்குள் அடைபடவேண்டாம். உங்களை அப்படிப் பார்க்காத ஒரு சிநேகிதி, ஒரு சித்தி இருப்பா. அவவின் வீட்டுக்குப் போங்கள்.

யாருக்குச் சொல்வது, யாருக்கு மறைப்பது என்பதும் தனிப் பாரம். இங்கே ஒரு வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. ஊசிமருந்தைச் சந்திக் கடையின் பெட்டியில், சோடாப் போத்தல்களுக்கும் யோகட் கப்களுக்கும் நடுவில், கறுத்தப் பையில் சுற்றி வைத்தார்கள். ஒவ்வொரு பின்னேரமும் சிகிச்சை எடுக்கும் அந்த வீட்டுப் பெண் போய் ஒரு ஊசியை எடுத்துவருவாள். கடையில் நின்ற பெண்கள் அவள் வரும்போது கதையை நிறுத்தி, போனதும் தொடங்குவார்களாம். சிகிச்சையைவிட அந்த நடைதான் தன்னைக் கொன்றது என்றாள். எல்லா ஊசியையும் குளிரில் வைக்கவேண்டியதில்லை, எதை எப்படி வைப்பது என்று கிளினிக்கில் கேட்டு எழுதி வாங்குங்கள். ஐஸ் பெட்டியில் வைப்பதென்றால் மருந்து ஐஸ்கட்டியோடு நேரே படக்கூடாது, உறைந்தால் பழுதாகிவிடும். பக்கத்து அரச ஆஸ்பத்திரித் தாதியிடமும் உதவி கேட்டுப்பாருங்கள்.

காசும் அப்படித்தான். ஐ.வி.எஃப்பிற்குப் பல இலட்சம் போகும். வன்னியில் அது நகை அடகு, காணி ஈடு, அல்லது கனடாவில் இருக்கும் அண்ணரின் காசு. வெளிநாட்டிலிருந்து அன்போடுதான் அனுப்புகிறார்கள். ஆனால் காசு வந்த வழியால் கேள்வியும் வரும். பரிசோதனை நாளன்று விடியவே வட்ஸ்அப்பில் "ரிசல்ட் என்ன மாதிரி?" என்று வந்து நிற்கும். நீங்கள் அழுது முடிக்கவே நேரம் இருக்காது. காசை வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்: முடிவு தெரிந்து ஒரு கிழமைக்குப் பிறகு நாங்களே எடுத்துச் சொல்வோம், அதற்கு முதல் கேட்கவேண்டாம். நுண்கடன் எடுத்து இந்தச் சிகிச்சைக்குப் போகவேண்டாம் என்று மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். கிழமைக்குக் கிழமை கடன்காரர் வாசலில் நிற்க, தோல்வியின் துக்கத்தையும் சுமந்த பெண்களை எனக்குத் தெரியும்.

நேர்த்தியைப் பற்றி ஒரு சொல். வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்குவதும், புதூர் நாகதம்பிரானுக்கு நேர்ந்துகொள்வதும், மடு மாதாவிடம் போவதும் மனதுக்குப் பலம் தருமென்றால் தாராளமாகச் செய்யுங்கள். எந்த வைத்தியரும் அதைத் தடுக்கக்கூடாது. ஊசி போடும் நாட்களில் பட்டினி விரதம், நெடுந்தூர நடை, வைத்தியருக்குச் சொல்லாமல் எடுக்கும் நாட்டுமருந்து, இந்த மூன்றையும் மட்டும் தவிருங்கள். தோசம் கழிக்கவென்று பெருந்தொகை கேட்பவர்களிடம் போகாதீர்கள்.

கரு தங்காமல் போன துக்கத்தை எங்கே வைப்பது என்பதற்கு எங்களிடம் சடங்கு இல்லை. எட்டு இல்லை, அந்தியேட்டி இல்லை, ஆட்கள் வந்து இருந்து எழும்புவதில்லை. உடலும் சடங்கும் இல்லாத துக்கம் எவ்வளவு காலம் நிற்கும் என்பதைக் காணாமல்போனவர்களின் குடும்பங்களிடம் இந்த மண் நிறையவே பார்த்திருக்கிறது. நீங்கள் இழந்தது ஒரு எதிர்பார்ப்பு மட்டும்தான் என்று யாராவது சொன்னால் அதை ஏற்கத் தேவையில்லை. இருவரும் சேர்ந்து ஒரு நாள் விளக்கேற்றி, அழவேண்டியதை அழுது தீர்த்த தம்பதியர் இருக்கிறார்கள். உங்களுக்கு ஏற்றது எதுவோ அதைச் செய்யுங்கள், இருவரும் சேர்ந்து செய்யுங்கள்.

உளவளத்துணையால் பிள்ளை தங்கும் வாய்ப்புக் கூடுமா என்று கேட்டால், கூடும் என்று என்னால் வாக்குத் தர முடியாது. அதைப் பற்றிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஆனால் பதற்றத்தைக் குறைக்கும், சிகிச்சையைப் பாதியில் விடாமல் தாங்க உதவும் என்பதை நான் வேலையில் காண்கிறேன். சிகிச்சையை நிறுத்துபவர்களில் கணிசமானோர் மனம் களைத்துத்தான் நிறுத்துகிறார்கள் என்பது வெளிநாட்டு ஆய்வுகளிலும் தெரிந்தது. ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலில், மன ஆதரவு கொடுப்பது கிளினிக்கில் வேலை செய்யும் எல்லாருடைய பொறுப்பும்தான் என்று எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கு அது இன்னும் எட்டாத தூரம். அதனால் ஊரில் இருப்பவர்களைப் பயன்படுத்துங்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் கர்ப்பிணிகளுக்கு மட்டும் உரியவர் இல்லை, பிள்ளை தங்காத தம்பதியரும் அவவின் பொறுப்பில்தான். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார். மாவட்ட வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு வீட்டிலிருந்தே எடுக்கலாம். இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையும் பசியும் இல்லாமல் போனாலோ, எதிலும் மனம் ஒட்டாமல் போனாலோ, உயிரோடு இருந்து என்ன என்ற நினைவு வந்தாலோ காத்திருக்கவேண்டாம், உடனே போங்கள். பிள்ளை இல்லையென்று அடி, வசை, "வேற கலியாணம் கட்டுவன்" என்ற மிரட்டல் இருந்தால் பெண்களுக்கான 1938 இருக்கிறது. உங்கள் எழுத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் இதை வாசிக்கும் வேறு யாருக்காவது தேவைப்படலாம்.

போர்க்காலத்தில் உடலில் காயப்பட்டவர்களுக்கும், அத்துமீறலுக்கு உள்ளானவர்களுக்கும் பிறப்புறுப்பின் வழியாகச் செய்யும் ஸ்கானும் மயக்கமருந்தும் பழைய பயத்தைக் கிளப்பலாம். நடந்ததை விவரிக்கத் தேவையில்லை. "எனக்கு இப்பிடிச் சோதிக்கிறது பயம், மெதுவா செய்யுங்கோ, கை காட்டினா நிப்பாட்டுங்கோ" என்று சொன்னால் காணும். பெண் ஊழியர் ஒருவர் கூட நிற்கவும் கேட்கலாம்.

கடைசியாக, தை மாதம். போவதா விடுவதா என்பதை நான் சொல்லமாட்டேன். உங்கள் வயதில் ஒருசில மாதம் ஓய்வெடுப்பது வாய்ப்பைப் பெரிதாகக் கெடுக்குமா என்பதை உங்கள் முட்டை இருப்பைப் பார்த்து வைத்தியர்தான் சொல்லவேண்டும், அதை நேராகவே கேளுங்கள். போவதற்கு முதல், இது சரிவராவிட்டால் இன்னும் ஒரு தரமா, நிறுத்துவதா, எவ்வளவு காசு வரை என்று இருவரும் கதைத்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தோல்வியடைந்த கிழமையில் அந்த முடிவை எடுக்கக்கூடாது. தத்தெடுப்பதும் ஒரு வழிதான். ஆனால் அதை நீதிமன்றக் கட்டளையோடு, நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் ஊடாகத்தான் செய்யவேண்டும். தத்தெடுத்தால் சொந்தப்பிள்ளை தானாக வரும் என்று சொல்பவர்களை நம்பி அதைச் செய்யாதீர்கள், அது வரும் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

போனமுறை எத்தனை முட்டை எடுத்தார்கள், எத்தனை கருவானது, எந்த நாளில் பதித்தார்கள், எந்தத் தரத்தில் இருந்தது, இந்தமுறை எதை மாற்றப்போகிறார்கள் என்று கேளுங்கள். கொழும்பில் வைத்தியர் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ வேகமாகச் சொல்லிவிட்டுப் போனால் பாதி விளங்காமலேயே இரவு பஸ்ஸில் ஏறி, 300 கிலோமீற்றருக்கு மேல் அந்தப் பாதியை நினைத்து நினைத்து வருவீர்கள். தமிழ் தெரிந்த தாதியைக் கூப்பிடச் சொல்லுங்கள், அல்லது எழுதித் தரச்சொல்லுங்கள். அறைக்குள் நீங்கள் தனியப் போகவேண்டாம். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அந்தக் கொப்பி அவரின் கையில் இருக்கட்டும், கேள்விகளை அவர் வாசிக்கட்டும்.